அனுசரித்துப் போகும் திரை

பிப்ரவரி 2, ஞாயிறு

டைரி எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. மானிட்டர் கம்பெனிக்காரர்கள் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். "எப்பெப்ப ஸ்கிரீன் அணையுது, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன நடந்துச்சுன்னு ரெண்டு வாரம் எழுதி அனுப்புங்க மேடம். அதைப் பாத்துட்டுத்தான் ஆளை அனுப்ப முடியும்" என்றாள் வாடிக்கையாளர் சேவைப் பெண். பெயர் எஸ்தர். தேனாகப் பேசினாள். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்கலாம் என்று போன் செய்த எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

என்னைப் பற்றி, கம்பெனியார் படிப்பதால் அடக்கமாக: சுகந்தி, முப்பத்தொன்பது வயது, கோயம்புத்தூர் சிங்காநல்லூர். பம்புசெட் கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தபடியே கணினியில் வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன். கணவர் தண்டபாணி கல்லூரியில் இயற்பியல் பாடம் நடத்துகிறார். மாமியார் ருக்மணி குடும்பம் நடத்துகிறார். மகள் நாமக்கல் விடுதியில் ப்ளஸ் டூ தண்டனை அனுபவிக்கிறாள்.

வரைபட வேலை முடிந்ததும் கார் ஓட்டுவேன். வீட்டுக் காரை அல்ல. 2019இல் கேட்டில் லேசாக உரசியதிலிருந்து அந்தச் சாவி என் கைக்கு வருவதில்லை. நான் ஓட்டுவது கணினியில், இணையத்தில், மணிக்கு இருநூற்றெண்பது கிலோமீட்டர் வேகத்தில். எட்டுச் சுற்று லீக் போட்டி இது. இப்போது மூன்றாம் இடத்தில் இருக்கிறேன். எட்டுச் சுற்றும் முடிந்ததும் முதல் நான்கு பேர் மார்ச்சில் பெங்களூரில் நடக்கும் நேரடிப் போட்டிக்குப் போகலாம். நிஜ ஸ்டியரிங், நிஜ இருக்கை, இரண்டு நாள் ஓட்டல் அறை. எனக்கு அது வேண்டும். கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

இன்று ஆறாம் சுற்று. பதினான்காவது முறை தடத்தைச் சுற்றும்போது, அதாவது பதினான்காவது லேப்பில், திரை இரண்டு விநாடி இருண்டது. படம் திரும்பி வந்தபோது கார் மணலில் மூக்கைப் புதைத்துக்கொண்டு கிடந்தது. ஏழாவதாக வந்தேன். மொத்தத்தில் என் மூன்றாம் இடம் மயிரிழையில் தப்பிப் பிழைத்தது.

அதற்குக் கொஞ்சம் முன்னாடி என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. அத்தை வெந்தயம் எங்கே என்று கேட்டார், சொன்னேன். அவ்வளவுதான்.

பிப்ரவரி 3, திங்கள்

மானிட்டர் விவரம்: இருபத்தேழு அங்குலம். ஜனவரி 21 அன்று வாங்கியது. முப்பது நாளுக்குள் பழுதென்று நிரூபித்தால் வேறு தருவார்கள். அதாவது பிப்ரவரி 20 வரை.

விநாடிக்கு நூற்றறுபத்தைந்து முறை வரை படத்தைப் புதுப்பிக்கும். அதைவிட முக்கியம், வீஆர்ஆர் என்கிற வசதி. சாதாரண மானிட்டர் தன் இஷ்டத்துக்கு ஒரே வேகத்தில் ஓடும். விளையாட்டு அனுப்பும் படங்களோ ஒரு நேரம் வேகமாக வரும், ஒரு நேரம் தத்தித் தத்தி வரும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் படம் நடுவில் கிழிந்ததுபோல் தெரியும். வீஆர்ஆர் உள்ள மானிட்டர், படம் என்ன வேகத்தில் வருகிறதோ அந்த வேகத்துக்குத் தன்னை மாற்றிக்கொள்ளும்.

அத்தைக்கு இதை விளக்கினேன். "அப்ப இது மருமவளாட்ட. எல்லாருத்துக்கும் அனுசரிச்சுப் போவோணும்" என்றார்.

"ஆமாங்க அத்தை."

"அப்பறம் ஏங்கண்ணு பொசுக்கு பொசுக்குன்னு மூஞ்சிய இருட்டிக்குது?"

அதைத்தான் நானும் கேட்கிறேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலை 9.40: அணைந்தது. முன்னால் நடந்தது: அத்தை பெருங்காய டப்பா கேட்டார்.

10.05: அணைந்தது. கூரியர்காரர் மணி அடித்தார்.

10.50: அணைந்தது. அத்தையின் போனில் வீடியோ சத்தமில்லாமல் ஓடியது. சத்தம் வைத்துக் கொடுத்தேன்.

10.52: அணைந்தது. சத்தம் அதிகம் என்றார்.

மாலை 5.10: அணைந்தது. இவர் கல்லூரியிலிருந்து வந்தார்.

6.10: அணைந்தது. இவர் குளியலறையிலிருந்து துண்டு கேட்டார்.

6.14: அணைந்தது. துண்டு முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது என்று சொல்வதற்காகக் கூப்பிட்டார்.

கம்பெனியாருக்கு என் முதல் கணிப்பு: இந்த மானிட்டருக்குச் சத்தம் ஆகவில்லை.

பிப்ரவரி 5, புதன்

டெலிகிராமில் எங்களுக்கு ஒரு குழு இருக்கிறது. கேமிங் மானிட்டர் வாங்கிய தமிழர்கள் நானூறு பேர். பெயர் 'திரை கண்டு நொந்தோர் சங்கம்'. வாங்கும்வரை யாரும் யாரையும் எச்சரிப்பதில்லை. வாங்கியபின் எல்லோரும் வைத்தியர்கள்.

என் கதையைச் சொன்னேன். கரூர்க்காரர் ஒருவர் உடனே, "சந்தேகமே வேண்டாம், வீஆர்ஆர்தான் வில்லன், அணைத்துவிடுங்கள்" என்றார். அவர் மானிட்டரில் இருட்டான காட்சி வந்தால் திரை டியூப்லைட் போலச் சிமிட்டுமாம். ஆறு மாதமாக வீஆர்ஆரை அணைத்துவைத்திருக்கிறாராம். அதற்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்கியதை அணைத்துவைத்து நிம்மதியாக வாழ்கிறார். நாகர்கோவில்காரர், சிமிட்டுவது வேறு, அணைவது வேறு, கேபிளை மாற்றுங்கள் என்றார். ஒசூர்க்காரர் மானிட்டரின் உள்மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னார். அப்படிப் புதுப்பித்தபின் அவருடைய மானிட்டர் சீன மொழியில் மட்டும் பேசுகிறது என்பதை அரைமணி கழித்துத்தான் சொன்னார்.

சங்கத்தின் சட்டம் ஒன்று உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியபின் ஒருநாள் பார்க்க வேண்டும். இன்று வீஆர்ஆரை அணைத்தேன். கார் இரண்டு துண்டாகக் கிழிந்து ஓடியது. திரையும் எட்டு முறை அணைந்தது. (ஒவ்வொன்றின் நேரமும் காரணமும், டைரி எழுதாத நாட்களுக்கும் சேர்த்து, நோட்டின் பின்பக்க அட்டவணையில்.) மாலையில் மறுபடி போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

கேபிள் மாற்றினேன். முத்திரை குத்திய அசல் கேபிள். ஒன்பது முறை அணைந்தது. நாகர்கோவில்காரர் என் கேபிள் ஒரிஜினல்தானா என்று கேட்கிறார். என் குடும்பத்தைப் பற்றிக் கேட்டதுபோல் எனக்குக் கோபம் வந்தது.

பிப்ரவரி 8, சனி

இவர் களத்தில் இறங்கினார். "வோல்டேஜ் ஏறி எறங்குது சுகந்தி. வேற ஒண்ணுமில்ல. நா பாத்துக்கறேன்" என்று ஃபிரிட்ஜின் ஸ்டெபிலைசரைக் கழற்றி மானிட்டருக்கு மாட்டினார். கையைத் தட்டிக்கொண்டு, பொங்கலுக்கு எனக்கு வாங்கிக்கொடுத்த ரோலிங் சேரில் உட்கார்ந்து, வேலை எப்படி என்பதுபோல் ஒரு சுற்று சுற்றினார். நன்றாகத்தான் இருந்தது. அவர் போனபின் நான் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரத்தில் ஆறு முறை அணைந்தது.

தயிர் புளித்துவிட்டது.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஏழாம் சுற்று. மாலை ஐந்தரை.

எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் கம்பெனிக்காக எழுதுகிறேன்.

ஏழாவது லேப்: அணைந்தது. இவர் இஸ்திரிப் பெட்டி எங்கே என்று கேட்டார். என் மேசை படுக்கையறை பீரோவுக்குப் பின்னால் இருப்பதால் உட்கார்ந்தபடி பதில் சொன்னால் ஹாலுக்குக் கேட்காது. கன்ட்ரோலரைக் கையில் பிடித்தபடியே நின்று, கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு, வாயை மட்டும் ஹால் பக்கம் திருப்பிக் கத்துவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. நேர்ப்பாதையில் பதினோரு விநாடி கிடைக்கும். அதற்குள் இஸ்திரிப் பெட்டி, அதன் வயர், அவருடைய நீலச் சட்டை, மூன்றுக்கும் வழி சொல்லிவிட்டேன். இரண்டு விநாடி இருட்டில் நாலு பேர் முந்திப் போனார்கள்.

பத்தொன்பதாவது லேப்: அணைந்தது. அடுப்பை அணைக்கட்டுமா என்று அத்தை கேட்டார்.

ஒன்பதாவதாக வந்தேன். மொத்தத்தில் நான்காம் இடத்துக்கு இறங்கிவிட்டேன். ஐந்தாவதாக இருக்கும் காரைக்குடிக்காரர் இரண்டே புள்ளி பின்னால் நிற்கிறார். மிச்சம் இருப்பது கடைசிச் சுற்று ஒன்றுதான், 23ஆம் தேதி. அன்றும் இப்படி அணைந்தால் பெங்களூரும் இல்லை, ஒன்றுமில்லை.

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கம்பெனிக்கு அனுப்பும்போது இந்த வரியை அடித்துவிட வேண்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். மருதமலைக்குப் போய்விட்டு வந்த ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், பதினோரு பேர் மதியச் சாப்பாட்டுக்கு. மானிட்டரைப் போடவே இல்லை. அணையவும் இல்லை.

பிப்ரவரி 12, புதன்

பதினேழு முறை. இதுவரை இதுதான் உச்சம். ஒறம்பரை விட்டுப்போன குடை, தூக்குப்போசி, ஒரு பல்செட் ஆகியவற்றைத் தேடித் தரச் சொல்லி நாள் முழுக்க ஆள் மாற்றி ஆள் போன்.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்று ஓர் அதிசயம். பெருந்துறையில் கல்யாணம் என்று இவரும் அத்தையும் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். எனக்கு வரைபடம் அனுப்ப வேண்டியிருந்ததால் போகவில்லை. காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை மானிட்டர் இரண்டே முறைதான் அணைந்தது. ஒன்று, சாப்பிடப் போகும்போது. இன்னொன்று, கேஸ் சிலிண்டர் வந்தபோது. நடுவில் இரண்டு மணி நேரம் பயிற்சி ஓட்டம். ஒரு சிமிட்டல் இல்லை. என் சொந்த சாதனையை முக்கால் விநாடியால் முறியடித்தேன். வாய்விட்டுக் கத்தினேன், கேட்க யாருமில்லை என்பதால் இரண்டாம் முறையும் கத்தினேன்.

நாலரைக்கு அவர்கள் வந்தார்கள். நாலு முப்பத்தொன்றுக்கு அணைந்தது.

சங்கத்தில் சொன்னேன். வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும் பழுதானால் அது மிக்ஸி, கிரைண்டர், மோட்டார் வேலைதான் என்று தீர்ப்பு வந்தது. நாளை மிக்ஸியை விசாரிக்க வேண்டும்.

பிப்ரவரி 15, சனி

மிக்ஸி நிரபராதி. கால்மணி நேரம் வெறும் ஜாரை ஓடவிட்டுப் பார்த்தோம். மானிட்டர் கல்லுப் பிள்ளையாராக இருந்தது. "எதுக்கு மருமவளே சும்மா ஓட்டற, ஒரு சட்னியாச்சும் அரைச்சிருக்கலாமுல்ல" என்றார் அத்தை. அரைத்தேன்.

இதுவரை எழுதியதைப் போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினேன். அழுத வரியை அடிக்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

எஸ்தர் கூப்பிட்டாள். நாளை ஆள் வருகிறாராம். அதற்குமுன் ஒரு சந்தேகம் கேட்க வேண்டுமாம்.

"மேடம், உங்க லாக், அதான் அந்த டைரி, முழுசா படிச்சேன். மொத்தம் தொண்ணூத்திரெண்டு தடவை அணைஞ்சிருக்கு. அதுல எண்பத்தஞ்சு தடவை வீட்ல யாரோ உங்களக் கூப்ட்டிருக்காங்க."

"ஆமா. அதுக்கென்ன?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்க வீட்லயும் இப்படித்தான் மேடம். ஆனா எங்க வீட்ல டிவி அணையாது" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. நான் மானிட்டரைப் பற்றிப் பேசினால் அவள் வீட்டுக் கதையைச் சொல்கிறாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மாலையில் சர்வீஸ் இன்ஜினியர் ஆரோக்கியசாமி வந்தார். ஐம்பது வயதிருக்கும், சட்டைப் பையில் நாலு பேனா. முதல் பார்வையிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"நீங்க ஓரமா நில்லுங்க மேடம், நான் பாத்துக்கறேன்" என்று என் சேரில் உட்கார்ந்தார். வீஆர்ஆரைப் போட்டுப் பார்த்தார், அணைத்துப் பார்த்தார். சோதனைப் படங்களை ஓட்டினார். பிறகு என் விளையாட்டையே ஓட்டினார். சுமாராக ஓட்டினார் என்றுகூடச் சொல்ல முடியாது. அத்தை காப்பி கொண்டுவந்தார். நான் பஜ்ஜி கொண்டுவந்தேன். அத்தை தண்ணீர் கொண்டுவந்தார். ஃபேன் வேகம் போதுமா என்று கேட்டு நான் கூட்டிவைத்தேன். பேனா கீழே விழுந்தது, இவர் எடுத்துக் கொடுத்தார். ஒன்றரை மணி நேரம். அந்தச் சேரில் ஒருவர் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

ஒரு முறைகூட அணையவில்லை.

"மானிட்டர் தங்கம் மேடம்" என்று சொல்லிவிட்டு, பழுது ஏதும் இல்லை என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, எழுந்து இவரிடம் கை குலுக்கினார். வாசல்வரை போய் வழியனுப்பினேன். மாற்று மானிட்டர் கிடையாது என்று முடிவாகிவிட்டது. சண்டை போடக்கூடத் தெம்பில்லை. இன்ஜினியர் பஜ்ஜி ஏழு சாப்பிட்டார்.

உள்ளே வந்தால் அத்தை காலி டம்ளரோடு மானிட்டரையே முறைத்துக்கொண்டு நின்றார்.

"அந்த மனுசன் எந்திரிக்கையில அணைஞ்சுதே."

"எப்பங்க?"

"உம்பட வீட்டுக்காரங்கூடக் கை குடுக்கையில. ஆரும் திரும்பிப் பாக்கல."

பிப்ரவரி 19, புதன்

அத்தை காலையிலேயே தொடங்கிவிட்டார். இவருக்குக் கல்லூரி விடுமுறை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் சேரில் உட்கார்ந்து வரைபடத்தைத் திறந்தேன். அத்தை சமையலறையிலிருந்து "சுகந்தி!" என்றார்.

எழுந்தேன். அணைந்தது.

"இரு, இரு. உக்காரு" என்று ஓடிவந்தார். ஓடி வருகிற முழங்கால் இல்லை அவருக்கு. "இப்ப நாங் கூப்படறேன், நீ எந்திரிக்காத. சுகந்தி!"

உடம்பு தானாக எழப் பார்த்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். திரை ஆடாமல் அசையாமல் நின்றது.

"செரி, இப்ப ஆரும் கூப்படல. சும்மா எந்திரி."

எழுந்தேன். அணைந்தது.

"உக்காரு. எந்திரி."

அணைந்தது.

பத்து முறை செய்தோம். பத்தில் எட்டு முறை அணைந்தது. அதன்பின் அத்தைக்கு ஆசை வந்து அவரே சேரில் உட்கார்ந்து எழுந்தார். அவருக்கும் அணைந்தது. கை தட்டிச் சிரித்தார். மறுபடி உட்கார்ந்தார், எழுந்தார். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

சத்தம் கேட்டு இவர் வந்தார். பார்த்தார். அவருடைய முகம் வகுப்பறை முகமாக மாறியது. "எந்திரிக்கறப்ப சேருக்குள்ள இருக்கற கேஸ் குழாய் நீளும். துணி உரசறதுல சேர்ந்த சார்ஜ் சேரோட இரும்புல எறங்கிப் பொறியாட்டச் சிதறும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. ஆனா அந்த அலை பக்கத்துல இருக்கற கேபிள்ல பாய்ஞ்சு படத்தக் கொழப்பிரும். இப்பத்த வறண்ட காத்துக்கு இன்னும் ஜாஸ்தி. சீப்பத் தலையில தேச்சுக் காயிதத்த இழுக்கறோமில்ல, அதே தத்துவந்தான். ஒவ்வொரு வருசமும் நா நடத்தற பாடம்."

"அப்ப பதினேழு நாளா ஏன்டா சொல்லல?" என்றார் அத்தை.

சங்கத்தில் எழுதினேன். ஐந்து நிமிடத்தில் ஒன்பது பேர் எழுந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, எங்களுக்கும் அணைகிறது என்றார்கள். நானூறு பேர் கேபிள் மாற்றி, மென்பொருள் மாற்றி, மானிட்டரையே மாற்றியிருக்கிறோம். உட்கார்ந்திருக்கும் சேரை ஒருவரும் சந்தேகப்படவில்லை.

பிறகு இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். தொண்ணூற்றிரண்டு முறையும் நான் எழுந்திருக்கிறேன். பெருங்காயம் கேட்டார் என்று எழுதியிருக்கிறேன், துண்டு கேட்டார் என்று எழுதியிருக்கிறேன், எழுந்தேன் என்று இன்றைக்கு முன் ஓர் இடத்திலும் எழுதவில்லை. அதை எழுதவேண்டிய ஒரு விஷயமாகவே நான் நினைக்கவில்லை. இவ்வளவு நேரமும் கோபம் மானிட்டர்மேல்தான் இருந்தது. இப்போது யார்மேல் வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பிப்ரவரி 20, வியாழன்

சாப்பாட்டு மேசை நாற்காலியை எடுத்துப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். மர நாற்காலி, குழாய் கிடையாது. நாள் முழுக்க ஒரு முறைகூட அணையவில்லை. பயிற்சி ஓட்டத்தில் பதினொன்றாவதாக வந்தேன். இருபது லேப்பில் ஐந்து முறை எழுந்திருக்கிறேன். இருட்டு போய்விட்டது, ஆனால் கார் மணலுக்குப் போவது நிற்கவில்லை. இனிமேல் மானிட்டரைச் சொல்லவும் வழியில்லை.

மாலை டிபன் நேரத்தில் அத்தை, "கம்பெனிக்கு என்னமோ நோட்டுல எழுதுனியே, அதப் படி கேக்கலாம்" என்றார். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். நோட்டை இவர் எடுத்து, வாத்தியார் குரலில் படிக்க ஆரம்பித்தார்.

அத்தை, "மருமவளாட்ட" என்ற இடத்தில் தானே சிரித்தார். போன் சத்தம் வைத்ததும் குறைத்ததும் வந்தபோது, "நானா? ரெண்டே நிமிசத்துலயா?" என்றார். இவர் உற்சாகமாகப் படித்துக்கொண்டே போனார்.

"ஆறு பத்து, அணைந்தது, இவர் துண்டு கேட்டார். ஆறு பதினாலு, அணைந்தது, துண்டு முதலிலிருந்தே அங்கேதான்..."

நிறுத்தினார்.

"அதச் சொல்லலீன்னா நீ தேடிட்டே இருப்பீன்னுதான் கூப்ட்டேன்" என்றார்.

நான் தோசையைத் திருப்பிப் போட்டேன். அவர் மேலே படித்தார். குரல் வரவரச் சின்னதாகிக்கொண்டே போனது. இஸ்திரிப் பெட்டி வந்தது. அடுத்து அழுத வரி. அதை அவர் சத்தமாகப் படிக்கவில்லை. ஆனால் எவ்வளவு நேரம் அந்தப் பக்கத்திலேயே இருந்தார் என்பதை நான் பார்த்தேன். அதன்பின் நோட்டை மூடிவைத்துவிட்டுத் தட்டைத் தானே எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினார். கழுவியதில் பாதி எண்ணெய் அப்படியே இருந்தது.

அத்தைதான் கேட்டார். "ஞாயித்துக்கெழமை எத்தன மணிக்கு உம்பட காரோட்டம்?"

"அஞ்சரைக்குங்க."

"எவ்வளவு நேரம்?"

"ஐம்பது நிமிசமுங்க."

"செரி" என்றார். அவர் ஒரு விஷயத்தை மனதில் குறித்துக்கொண்டால் எதிராளிதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

பிப்ரவரி 22, சனி

எந்த நாற்காலியில் உட்காருவது என்று சங்கத்தில் ஒரே விவாதம். எல்லோரும் மர நாற்காலி என்கிறார்கள். ரோலிங் சேருக்கு அடியில் செம்புக் கம்பி கட்டித் தரையோடு இணைக்கலாம் என்கிறார் நாகர்கோவில்காரர்.

நான் ரோலிங் சேரில்தான் உட்காரப் போகிறேன். மர நாற்காலியில் எழுந்தால் எனக்கே தெரிவதில்லை. இதில் எழுந்தால் தெரியும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஐந்தரைக்குத் தொடங்கியது. இருபத்தெட்டு லேப்.

ஆறாவதாகக் கிளம்பினேன். நாலாவது லேப்பில் ஐந்தாம் இடம். ஒன்பதாவது லேப்பில் வாசல் மணி அடித்தது. தொடை இறுகியது. ஹாலில் செருப்புச் சத்தம், இவர் யாரிடமோ "அவங்க வேலையா இருக்காங்க, நாளைக்கு வாங்க" என்றார். எனக்கு வேலை என்று அவர் வெளியாளிடம் சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை. அந்த வியப்பில் ஒரு வளைவை அகலமாக எடுத்துவிட்டேன்.

பதினான்காவது லேப்பில் குக்கர். மூன்று விசில் ஆகிவிட்டது. நாலு. ஐந்து. யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆறு. பருப்பு அடிப்பிடிக்கும் வாசனை பீரோவைத் தாண்டி வந்தது. எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்தால்தான் என்ன என்று உடம்பு கெஞ்சியது. ஏழாவது விசிலில் அத்தை, "டேய், அடுப்ப அணைக்கோணும், வாடா" என்று அடித்தொண்டையில் கூப்பிட்டது கேட்டது. அவர் இருந்ததே சமையலறையில்தான். அங்கிருந்தபடி மகனைக் கூப்பிட்டார். இவர் ஓடினார்.

இருபதாவது லேப்பில் மூன்றாம் இடம். எனக்குப் பின்னால் நாலாவதாகக் காரைக்குடிக்காரர். அவரை முன்னால் விடாமல் முடித்தால் போதும், பெங்களூர். திரை பளிங்குபோல் ஓடியது. கார் திணறும் இடத்தில் திரையும் மெதுவாகி, பாயும் இடத்தில் தானும் பாய்ந்து, இந்த மானிட்டர் எதற்காக விற்கப்படுகிறது என்பதே எனக்கு இன்றுதான் தெரிந்தது. இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு. யாரும் கூப்பிடவில்லை.

கடைசி லேப். கடைசி வளைவுக்கு முன்னால் இரண்டாம் இடத்துக்காரர் சற்று அகலமாகப் போனார். உள்பக்கம் இடம் தெரிந்தது. மூன்றாம் இடமே எனக்குப் போதும். அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அந்த இடைவெளியைப் பார்த்ததும் பாய்ந்துவிட்டேன். பிரேக் பிடிக்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது. பின் சக்கரம் வழுக்கியது. கார் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி எதிர்த்திசையைப் பார்த்து நின்றது. திரை அணையவில்லை. காரைக்குடிக்காரர் போனதை, அவர் பின்னால் இன்னும் நாலு பேர் போனதை, ஒரு படம்கூட விடாமல் தெளிவாகக் காட்டியது.

எட்டாவது. மொத்தத்தில் ஐந்தாம் இடம். பெங்களூர் இல்லை.

கதவை யாரோ தட்டினார்கள். எங்கள் வீட்டில் இந்தக் கதவைத் தட்டும் வழக்கம் கிடையாது.

"முடிஞ்சுதா? உள்ள வரலாமா?" என்றார் இவர். பின்னாலேயே அத்தை.

"முடிஞ்சுதுங்க. தோத்துட்டேன்."

"மறுபடி அணைஞ்சு போச்சா?"

"இல்லீங்க."

"நா வாசல்ல பேசுனது தொந்தரவாயிருச்சா?"

"இல்லீங்க."

அத்தை எட்டிப் பார்த்து, "குக்கர் சத்தமா கண்ணு?" என்றார். குற்றவாளிக் கூண்டில் நிற்பதற்கு இருவரும் தயாராகவே வந்திருந்தார்கள்.

"ஆரும் ஒண்ணும் பண்ணலீங்க அத்தை. நானேதான்."

அவர்கள் நம்பாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கருகிய பருப்பை என்ன செய்வது என்று ஹாலில் கிசுகிசுவென்று விவாதம் நடக்கிறது. நான் சேரைவிட்டு எழாமல் அந்தக் கடைசி வளைவை மறுஓட்டத்தில் பதினோரு முறை பார்த்துவிட்டேன். பெங்களூரை நினைத்தால் வயிறு எரிகிறது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வளைவை மட்டும் எத்தனை முறை பார்த்தாலும் சிரிப்பு வருகிறது. பிரேக்கை அரை விநாடி தாமதமாகப் பிடித்தேன். என் பேராசை, என் விரல், என் தப்பு. இதில் வேறு யாருக்கும் பங்கு கிடையாது. கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.